அத்தியாயம் 5: மரத்தில் மீன் செதுக்குதல்

நக்கிள்ஸ் மலையிலிருந்து பன்வில வழியாக இறங்கும் ஹுலு கங்கை கடைசியில் விக்டோரியா நீர்த்தேக்கத்தில் போய்ச் சேர்கிறது. 122 மீற்றர் உயர அணை கட்டி மகாவலியை மறித்து, 1985இல் திறந்து வைத்த நீர்த்தேக்கம் அது. மலை அடிவாரத்து ஓடையில் தெளிந்து ஓடும் நீர், மழை விட்ட மறுநாள் தேயிலைச் சாயம்போல் கலங்கி வரும் ஆறு, புல்லும் பாசியும் அடர்ந்த கரையோரத் தேக்கம் என்று மூன்று வகைத் தண்ணீரும் ஒரு மணித்தியாலப் பயணத்துக்குள் கிடைக்கிற பகுதி இது. கடையில் வாங்கும் ஒரே லூர் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை) இந்த மூன்றுக்கும் பொருந்தாது. வீட்டிலேயே செதுக்கத் தெரிந்தவருக்கு அந்தக் கவலை இல்லை.

இந்த அத்தியாயத்தில் 8 செ.மீ. நீளமுள்ள, மிதக்கிற, இழுத்தால் முக்குளித்து ஆடி ஓடுகிற ஒரு மர லூரைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்கிறோம். ஒரு விதியை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். லூரை ஓட வைப்பது நிறை. பல காலம் உழைக்க வைப்பது பூச்சு. வண்ணத்தின் முறை அதற்குப் பிறகுதான். புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: அழகாக வண்ணம் பூசி முடித்த பிறகு, தண்ணீரில் போட்டால் மல்லாந்து கிடக்கிற ஒன்று கையில் மிஞ்சுகிறது.

பின்லாந்து நாட்டு மீனவர் லவுரி ரபாலாவின் கதை இதற்கு நல்ல சான்று. கூட்டத்திலிருந்து தடுமாறி ஆடி ஓடும் மீன்குஞ்சைத்தான் பெரிய மீன் துரத்துகிறது என்பதைக் கவனித்த அவர், 1936இல் தக்கையில் ஒரு லூரைச் செதுக்கினார். வெள்ளி மினுக்கத்துக்குச் சொக்லட் சுற்றிய தாளை ஒட்டினார். தண்ணீர் புகாமல் இருக்கப் பழைய போட்டோ நெகட்டிவ்களை உருக்கி மேலே பூசினார். இன்று உலகமெங்கும் விற்கும் ரபாலா லூர்களின் தொடக்கம் அதுதான். அவர் முதலில் தேடியது அந்தத் தடுமாறும் ஆட்டத்தை. மினுக்கம் அதற்குத் துணையாகத்தான் வந்தது.

எந்த மீனுக்கு?

கரையோரப் புல்லுக்குள் விரால் கிடக்கும். சிங்களத்தில் லூலா என்பார்கள். மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும் மீனாகையால், அது நிற்கும் இடத்தைத் தண்ணீர்ப் பரப்பே காட்டிக்கொடுக்கும். தவளை, சிறு மீன் எதுவானாலும் பாய்ந்து பிடிக்கும். 1952இல் இலங்கைக்கு வந்த ஆபிரிக்க வகையான திலாப்பியா பெரும்பாலும் பாசி தின்னும் மீன். ஆனால் கூட்டைக் காக்கும் காலத்தில் அருகே வரும் சிறு லூரை முட்டித் தள்ளும். மகாவலியின் ஆழமான மடுக்களில் லேஹெல்லா எனப்படும் பெரிய செதில் மீன் உண்டு. பழம், நண்டு, சிறு மீன் எல்லாம் தின்னும் அது ஓடும் நீரில் லூரைத் தாக்கும். இந்த அத்தியாயத்து லூர் முதன்மையாக விராலுக்கும் லேஹெல்லாவுக்கும் ஏற்றது. திலாப்பியாவுக்கு இதே முறையில் 4 செ.மீ. அளவில் செய்யுங்கள்.

மரம்

நல்ல லூர் மரத்துக்கு மூன்று குணங்கள் வேண்டும்: எடை குறைவு, நேரான நார், நன்றாகக் காய்ந்த நிலை. தேயிலைக்கு நிழல் தரும் முள்முருக்கு இதற்கு மிகவும் ஏற்றது. தழைக்காக அதன் கிளைகளைத் தோட்டங்களில் அவ்வப்போது வெட்டிப் போடுவார்கள். அப்படி வெட்டிய கிளையில் மணிக்கட்டுப் பருமனுள்ள துண்டு ஒன்று போதும். அல்பீசியாவும் இலேசான மரம்தான். காற்றுக்கு முறிந்து விழுந்த கிளை கிடைத்தால் விடாதீர்கள். அம்பலாங்கொடை முகமூடிகளைச் செதுக்கும் கடுரு மரம் கிடைத்தால் அதுவும் நல்லது. தோட்டங்களில் சவுக்கு என்று சொல்லும் கிரவீலியா கனமானது; மூழ்கி ஓடும் லூருக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். எந்த மரமானாலும் தோட்டத்தில் கேட்டு எடுங்கள். நிற்கும் மரத்தில் கத்தி வைக்காதீர்கள்.

பச்சை மரத்தில் செதுக்கினால் பூச்சுக்குள்ளே ஈரம் அடைபட்டு, முதல் வெயிலிலேயே வண்ணம் கொப்புளித்துவிடும். துண்டின் இரு முனைகளிலும் மெழுகு தடவி, நிழலில், காற்றோட்டமான இடத்தில் சில வாரங்கள் விடுங்கள். முனை வழியாக ஈரம் வேகமாக வெளியேறினால்தான் மரம் வெடிக்கும். மெழுகு அதைத் தடுக்கும். சில நாட்களுக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை மேலும் குறையாமல் நின்றால் மரம் தயார்.

தேவையானவை

• 8 செ.மீ. நீளம், 2 செ.மீ. உயரம், 1.3 செ.மீ. அகலமுள்ள மரத்துண்டு
• கூரான வில்லுக்கத்தி, மெல்லிய பல்லுள்ள சிறு வாள்
• 80, 150, 320 இலக்க அரத்தாள்
• 0.8 அல்லது 1 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, குறடு
• சிறு ஈயக் குண்டுகள்
• லூரை முக்குளித்து ஆட வைக்கும் முன்தகட்டுக்குப் பழைய சீடி ஒன்று
• இரண்டு பாகமாக வரும் எபொக்சிப் பசையும் எபொக்சிப் பூச்சும்
• வார்னிஷ், அதற்குரிய தின்னர், வெள்ளை அடிப்பூச்சு, அக்ரிலிக் வண்ணங்கள், தெளிப்பு வண்ணம், கியூடெக்ஸ்
• வெங்காயம் வரும் வலைப்பை ஒன்று
• மூன்று முனைக் கொக்கி இரண்டு, அவற்றை மாட்டும் இரட்டை வளையங்கள்
• ஒரு வாளி தண்ணீர், கிராம் காட்டும் சிறு தராசு

செதுக்குதல்

மீனின் பக்கத் தோற்றத்தைக் கடதாசியில் வரைந்து வெட்டி, மரத்துண்டின் இரு பக்கத்திலும் வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். தலைப்பக்கம் பருத்து வால்பக்கம் ஒடுங்கட்டும். பிறகு மேலும் கீழும் முன்னும் பின்னும் சுற்றி வரும்படி நடுக்கோடு ஒன்று போடுங்கள். இரு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று கடைசிவரை காட்டப்போவது அந்தக் கோடுதான். அரத்தாளில் அது அழிந்தால் உடனே மறுபடி போட்டுவிடுங்கள்.

துண்டு சதுரமாக இருக்கும்போதே இரண்டு வெட்டுகளை முடித்துவிட வேண்டும். ஒன்று, தாடையின் கீழே முன்தகடு நுழையும் 45 பாகை சாய்ந்த பிளவு. மற்றது, வயிற்றின் நடுக்கோட்டில் மூக்கிலிருந்து வால்வரை கம்பி இறங்கும் நீளப் பிளவு. உருண்டையாகச் செதுக்கிய பிறகு இவற்றை நேராக வெட்டுவது மிகக் கடினம். பிளவு மயிரிழை சாய்ந்தாலும் லூர் பக்கவாட்டில் ஓடும்.

இனி வடிவத்தை வெட்டுங்கள். முதலில் பக்கத் தோற்றம், பிறகு மேலிருந்து பார்க்கும் தோற்றம், கடைசியில் நான்கு மூலைகளையும் சீவி உருட்டுதல். கத்தி எப்போதும் நாரோடு போகட்டும், உங்களை விட்டு விலகிப் போகட்டும். 80 இலக்கத்தில் தொடங்கி 320இல் முடியுங்கள். மரத்தூள் பறக்கும்போது முகக்கவசம் போடுங்கள்.

கம்பி

ஒரே கம்பியை மூக்கில் ஒரு வளையம், வயிற்றில் ஒரு வளையம், வாலில் ஒரு வளையம் என்று வளைத்து, வயிற்றுப் பிளவுக்குள் இறக்கி எபொக்சியால் ஒட்டுங்கள். திருகாணி வளையங்களை மரத்தில் முறுக்கினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் முள்முருக்கு மென்மையான மரம். பெரிய மீன் தலையைச் சிலுப்பினால் திருகாணி கழன்றுவிடும். உள்ளே ஒரே கம்பி ஓடினால் மரம் பிளந்தாலும் மீன் போகாது. பசை காய்ந்ததும் மெல்லிய வார்னிஷ் ஒரு பூச்சுக் கொடுத்துக் காய விடுங்கள். அடுத்து வரும் சோதனையில் மரம் தண்ணீர் குடிக்காமல் இருக்க இது வேண்டும்.

வாளிச் சோதனை

இந்த அத்தியாயத்தின் உயிர்நாடி இதுதான். விளிம்புவரை தண்ணீர் நிறைந்த கோப்பைக்குள் லூரை ஊசியால் அழுத்தி முழுதாக அமிழ்த்துங்கள். வழிந்த தண்ணீரை ஊசிமருந்துக் குழலால் அளங்கள். 1 மில்லிலீற்றர் தண்ணீரின் எடை 1 கிராம். 12 மில்லிலீற்றர் வழிந்தால், மொத்த எடை 12 கிராமுக்குக் கீழே இருக்கும்வரை அந்த லூர் மிதக்கும். மரம், கம்பி, தகடு, கொக்கிகள், வளையங்கள் எல்லாவற்றையும் சேர்த்து நிறுங்கள். 8 கிராம் வந்தால் மீதி இருப்பது 4 கிராம். பின்னால் வரும் வண்ணத்துக்கும் பூச்சுக்கும் 1 கிராம் ஒதுக்குங்கள். மிதக்கும் ஆற்றலில் கொஞ்சம் மிச்சம் இருக்கவும் வேண்டும். ஆகவே 2 முதல் 2.5 கிராம்வரைதான் ஈயம்.

எவ்வளவு ஈயம் என்பதைக் கணக்கு சொல்லும். எங்கே என்பதை வாளி சொல்லும். கொக்கிகளை மாட்டி, தகட்டைத் தற்காலிகமாகச் செருகி, ஈயக் குண்டுகளை வயிற்றின் கீழ் றப்பர் பட்டியால் கட்டி, வாளியில் மிதக்க விடுங்கள். முதுகு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். வால் சற்றே தாழ்ந்திருக்கலாம். விரலால் பக்கவாட்டில் சாய்த்து விட்டால் உடனே நிமிர வேண்டும். நிமிராமல் சோம்பிக் கிடந்தால் ஈயம் போதாது அல்லது மேலே இருக்கிறது. மூக்குக் குத்திக்கொண்டால் ஈயத்தைப் பின்னே நகர்த்துங்கள். 8 செ.மீ. லூரில் சரியான இடம் பெரும்பாலும் உடலின் நடுவுக்குச் சற்று முன்னே, வயிற்று வளையத்தை ஒட்டி அமையும்.

அந்த இடத்தில் பென்சிலால் அடையாளம் வைத்து, கம்பியில் படாமல் அடியிலிருந்து துளையிடுங்கள். 6 மி.மீ. அகலமும் 1 செ.மீ. ஆழமும் உள்ள துளையில் வார்த்த ஈயம் ஏறத்தாழ 3 கிராம் அடங்கும். குண்டுகளாகப் போட்டால் இடைவெளி விழுவதால் குறைவாகவே அடங்கும். ஈயத்தை வீட்டில் உருக்காதீர்கள். அதன் புகை நஞ்சு, சமையலறைப் பாத்திரத்தில் படிந்தாலும் நஞ்சு. குண்டுகளைச் சுத்தியலால் தட்டி அமுக்கி, எபொக்சியால் மூடினால் போதும். ஈயம் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். பிள்ளைகள் கையில் ஈயத்தைக் கொடுக்கவே கூடாது.

முன்தகடு

சீடி 1.2 மி.மீ. தடிப்புள்ள பொலிகார்பனேட் தகடு. அதைக் கொதிநீரில் சற்று நேரம் போட்டு எடுத்து, சூடாக இருக்கும்போதே வலுவான கத்தரிக்கோலால் வெட்டினால் நொறுங்காது. மேலுள்ள வெள்ளிப் படலத்தை ஒட்டுநாடாவால் உரித்துவிடுங்கள். தகட்டின் அகலம் உடலின் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதலாக, வெளியே நீட்டும் நீளம் 1 செ.மீ. அளவில் இருக்கட்டும்.

தகடு செங்குத்தை நெருங்க நெருங்க லூர் மேல்மட்டத்திலேயே அகலமாக ஆடும். முன்னோக்கிப் படுக்கப் படுக்க, நீளம் கூடக் கூட, ஆழமாக முக்குளிக்கும். புல் நிறைந்த கரைக்கு நிமிர்ந்த சிறு தகடு. மகாவலி மடுவுக்குப் படுத்த நீளத் தகடு. முதல் லூருக்கு இரண்டுக்கும் நடுவான 45 பாகைச் சாய்வு போதும். தகட்டை இப்போதே ஒட்ட வேண்டாம். வண்ணம் முடிந்த பிறகு ஒட்டினால் அதில் வண்ணம் படியாது.

அடைப்புப் பூச்சு

மரத்தில் தண்ணீர் புகாமல் அடைப்பது கண்டிப் பகுதிக்குப் புதிய கலை அல்ல. பன்விலவிலிருந்து கண்டிப் பக்கம் இறங்கினால் வரும் ஹுரிகடுவ, பிலாவல ஊர்கள் அரக்கு வேலைக்குப் பேர்போனவை. கடைசலில் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு இளகி, மரத்தின் நுண்துளைகளில் இறங்கிப் படியும். பிறகு ஓலை நறுக்கால் அழுத்தி மெருகேற்றுவார்கள். மாத்தளைப் பக்கத்துப் பல்லே ஹாபுவிடவில் இளகிய அரக்கை நூலாக இழுத்து, நகத்தால் நறுக்கி ஒட்டி ஓவியம் செய்யும் இன்னொரு முறை உண்டு. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட தமது இடைக்காலச் சிங்களக் கலை நூலில் இந்தக் கைவினைகளைப் பதிவு செய்திருக்கிறார்.

அந்தக் கைவினைஞர்களிடம் லூர் செய்கிறவர் கற்க வேண்டியது ஒன்று: பூச்சு மரத்தின் மேலே நிற்காமல் உள்ளே இறங்க வேண்டும். ஆகவே முதல் பூச்சை எப்போதும் நீர்க்கக் கலந்து கொடுங்கள். வார்னிஷானால் அதற்குரிய தின்னருடன் சரிபாதி கலந்து, லூரை முழுதாக முக்கி எடுத்துத் தொங்க விடுங்கள். காய்ந்ததும் மரநார் மயிர்போல் எழும்பி நிற்கும். 320 தாளால் அதைத் தேய்த்துவிட்டு இரண்டாவது, மூன்றாவது பூச்சுகளைக் கெட்டியாகக் கொடுங்கள். ஈயத் துளை, வளையங்களின் அடி, தகட்டுப் பிளவின் உள்பக்கம் ஆகிய மூன்றையும் தூரிகையால் தனியே பூசுங்கள். தண்ணீர் புகுவது பெரும்பாலும் அங்கேதான். வெறும் அரக்கை மட்டும் நம்ப வேண்டாம். நீரில் நெடுநேரம் ஊறினால் அது வெளுத்துவிடும்.

பன்வில மேட்டில் மூடுபனி இறங்கும் நாட்களில் பூச்சு வேலை செய்யாதீர்கள். காற்றிலுள்ள ஈரம் படிந்து பூச்சு பால்போல் வெளுக்கும். வெயில் ஏறிய பிறகு தொடங்கி, மாலைக்கு முன் முடியுங்கள். அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் கரி படியும். மூடியுள்ள அட்டைப் பெட்டிக்குள் தொங்க விடுங்கள்; தூசியும் விழாது.

வண்ணம்

இயற்கையில் பெரும்பாலான மீன்களுக்கு முதுகு இருண்டும் வயிறு வெளுத்தும் இருக்கும். உங்கள் லூரும் அப்படியே இருக்கட்டும். முழு உடலுக்கும் வெள்ளை அடிப்பூச்சு, பக்கங்களுக்கு நடுவண்ணம், கடைசியில் முதுகுக்கு இருள் என்று வெளிச்சத்திலிருந்து இருளுக்குப் போங்கள். அடியில் வெள்ளை இல்லாவிட்டால் மேலே பூசும் எந்த வண்ணமும் மங்கிவிடும்.

இந்தப் பகுதிக்கு மூன்று கோலங்கள் போதும்.

தண்டியாக் கோலம், தெளிந்த நீருக்கு. ஓடைகளில் கூட்டமாகத் திரியும் தண்டியா மீனின் வெள்ளி உடலில் தலையிலிருந்து வால்வரை ஒரு கருங்கோடு ஓடும். பக்கங்களுக்கு வெள்ளி பூசுங்கள். காய்ந்ததும் வெங்காய வலைப்பையை உடலின்மேல் இறுக்கிப் பிடித்து, அதன் மேலாக இளம் பச்சையைத் தூரத்திலிருந்து மெல்லத் தெளியுங்கள். வலையை எடுத்தால் செதில் வரிசை நிற்கும். அதன்மேல் ஒட்டுநாடா இரண்டை இணையாக ஒட்டி, நடுவே கறுப்புக் கோட்டைப் பூசுங்கள். நாடாவை வண்ணம் முழுதாகக் காயும் முன்பே உரித்தால் விளிம்பு சுத்தமாக வரும்.

தவளைக் கோலம், புல்லுக்கும் பாசிக்கும். முதுகு கரும்பச்சை, வயிறு வெளிர் மஞ்சள். பழைய பல்துலக்கியைப் பழுப்பு வண்ணத்தில் தோய்த்து, பெருவிரலால் சுண்டினால் புள்ளிகள் தாமாகச் சிதறி விழும்.

கலங்கல் கோலம், மழைக்குப் பிந்திய ஆற்றுக்கு. சேற்று நீரில் செதிலும் புள்ளியும் தெரியாது. உருவத்தின் விளிம்புதான் தெரியும். முழுக் கறுப்பு, அல்லது பளிச்சென்ற மஞ்சளில் கறுப்பு முதுகு. ஆழம் கூடக் கூடத் தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. ஆகவே ஆழமாக ஓடும் லூருக்குச் சிவப்பை நம்பி வேலை செய்யாதீர்கள். தாடையின் கீழ் சிறு சிவப்புத் தீற்றல் மேல்மட்ட லூருக்கு நன்றாக இருக்கும்.

எந்தக் கோலமானாலும் கண்ணைப் பெரிதாக வையுங்கள். வேட்டை மீன் பலவும் இரையின் தலையைக் குறிவைத்துத்தான் தாக்கும். ஆணியின் தலையை மஞ்சள் கியூடெக்ஸில் தொட்டு ஒற்றினால் வட்டமான விழி. காய்ந்ததும் தீக்குச்சி முனையால் நடுவே கறுப்புப் புள்ளி.

மேற்பூச்சு

தகட்டை எபொக்சியால் ஒட்டி, நேராக இருக்கிறதா என்று முன்பக்கமிருந்து பார்த்து உறுதி செய்யுங்கள். பிறகு எபொக்சிப் பூச்சின் இரு பாகத்தையும் குறித்த அளவில் கலந்து, மென்மையான தூரிகையால் உடல் முழுதும் மெல்லப் பூசுங்கள். அளவு தவறினால் எத்தனை நாளானாலும் பிசுபிசுப்புப் போகாது. பூசிய பின் அது கீழே வழியப் பார்க்கும். இறுகத் தொடங்கும்வரை லூரைக் குறட்டில் பிடித்து மெல்லத் திருப்பிக்கொண்டே இருங்கள். ஒரு நாள் முழுதும் தொடாமல் விட்டு, பிறகு கொக்கிகளை மாட்டுங்கள்.

தண்ணீரில் சரிசெய்தல்

தங்கூசியை மூக்கு வளையத்தில் இறுக்கிக் கட்டாமல், சிறு சுருக்கு விட்டுக் கட்டுங்கள். லூர் ஆட இடம் வேண்டும். ஆழமில்லாத கரையில் மெல்ல இழுத்துப் பாருங்கள்.

• இடப்பக்கம் விலகி ஓடினால் மூக்கு வளையத்தை மயிரிழை வலப்பக்கம் வளையுங்கள். வலப்பக்கம் ஓடினால் இடப்பக்கம்.
• வேகமாக இழுக்கும்போது புரண்டால் தகடு பெரிது. விளிம்பை அரத்தால் சிறிது குறையுங்கள்.
• ஆடாமல் குச்சிபோல் வந்தால் தகடு சிறிது, அல்லது எடை அதிகம். சிறிய கொக்கி மாட்டிப் பாருங்கள்.
• ஒரு நாள் பாவித்த பின் எடை கூடியிருந்தால் எங்கோ தண்ணீர் புகுந்திருக்கிறது. காயவைத்து, வெடிப்பைத் தேடி எபொக்சியால் அடையுங்கள்.

எங்கே வீசலாம், எங்கே கூடாது

நக்கிள்ஸ் வனம் 2000ஆம் ஆண்டு முதல் பேணல் வனம். மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. அதன் ஓடைகளில் தூண்டில் போடாதீர்கள். அம்பன் கங்கைப் படுகையைத் தவிர வேறெங்கும் காணாத கெண்டை வகைகள் அந்த மலையின் நீரில் வாழ்கின்றன. விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த பகுதி 1987 முதல் சரணாலயம். ஆகவே எந்தக் கரையில் இறங்கும் முன்னும் பிரதேசத்து மீன்பிடி அலுவலரிடமோ வனஜீவராசி அலுவலகத்திலோ அனுமதி பற்றிக் கேளுங்கள்.

சிவந்த குஞ்சுக் கூட்டம் ஒன்று நீர்ப்பரப்பில் கொதிப்பதுபோல் நகர்ந்தால், அடியில் தாய் தந்தை விரால்கள் காவல் நிற்கின்றன. அவை லூரை உடனே தாக்கும். பிடிப்பது மிக எளிது. பெற்றோரைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். அந்த இடத்தில் வீசாதீர்கள். லேஹெல்லா அகப்பட்டால் திரும்ப விட்டுவிடுங்கள். கொக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கி வைத்தால், விடும் மீனுக்கும் காயம் குறையும், உங்கள் விரலில் ஏறினாலும் எளிதில் கழற்றலாம். ஆட்கள் குளிக்கும் துறைகளில் மூன்று முனைக் கொக்கியை வீசவே கூடாது. அறுந்த தங்கூசியைக் கரையில் விடாமல் சுருட்டி எடுத்து வாருங்கள்.

முதல் லூருக்கு வண்ணமே பூசாதீர்கள். அடைப்புப் பூச்சோடு நிறுத்தி, தகட்டை ஒட்டி, தண்ணீரில் ஓட்டிப் பாருங்கள். நேராக ஓடி, நன்றாக ஆடினால், அதே அளவில் இன்னும் மூன்று செதுக்கி மூன்று கோலங்களையும் பூசுங்கள். மரத்தின் எடை, ஈயத்தின் எடை, துளையின் இடம், தகட்டின் சாய்வு ஆகிய நான்கையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நன்றாக ஓடிய லூர் ஒருநாள் பாறையில் சிக்கி அறுந்து போகலாம். அந்தக் கணக்கு கையில் இருந்தால் அதேபோல் இன்னொன்றை அடுத்த வாரமே செய்துவிடலாம்.